பசியின் தூதுவர்

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ரொட்டியும் தேநீரும் அருந்திக் கொழுந்தெடுக்கச் செல்லும் தாய்மாருக்கு, நண்பகல் நெருங்கவே வயிறு பசியை அறிவிக்கிறது. அச்செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்வது, வெறுமையான இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்னும் ஓமோன். 1999ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் கோஜிமாவும் கங்காவாவும் இதனைக் கண்டறிந்தனர். உண்டபின் கிரெலின் தணியும்; குடலின் ஓமோன்கள் "போதும்" என உணர்த்தும்.

ஆயின், உடல் மெலிந்தும் பருமனென்றஞ்சி உணவை மறுக்கும் நோயொன்றுண்டு. அதனை அனோரெக்சியா நெர்வோசா என்பர். இந்நோயாளரின் குருதியில் கிரெலின் குறைவதில்லை. பெரும்பாலும் மிகுந்தே காணப்படுகிறது. வயிறு கூவியழைத்தும் உண்ண மனம் இசைவதில்லை. இரைப்பை மெல்லவே வெறுமையாவதால், சிறிதுண்டாலும் வயிறு நிறைந்ததாகத் தோன்றும்.

தோட்டப்புறத்தில் மெலிவுக்கு வறுமை பெருங்காரணம். 2016ஆம் ஆண்டின் சுகாதார ஆய்வில், அங்கு 5 வயதுக்குட்பட்டோரில் ஏறக்குறைய மூன்றிலொருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். இத்தகைய சூழலில், உணவை மறுத்து மெலியும் பிள்ளையின் நோய் கவனிக்கப்படாது போகலாம். அதனைப் பிடிவாதமென்று கடிதல் தகாது. நெடுநாட் பட்டினிக்குப்பின் திடீரென மிகுதியாக ஊட்டுவதும் ஆபத்து. காலந்தாழ்த்தாது வைத்தியரை நாடுவதே நன்று.