சிறார், வளரிளம் பருவத்தினர் மனச்சோர்வு: அறிதலும் சிகிச்சையும்

முன்னுரை

சிறாருக்கு மனச்சோர்வு நோய் வராது என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை உளப்பகுப்பாய்வாளரிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. மனச்சான்று முழுமையாக உருப்பெறாத குழந்தையிடம் குற்றவுணர்வு சார்ந்த நோய் தோன்ற இயலாது என்பது அவர்தம் வாதம். மருத்துவ உலகம் அக்கருத்தைக் கைவிட்டது. எனினும், நோயுற்ற மாணவரைச் ‘சோம்பேறி’, ‘திமிர் பிடித்தவர்’ எனக் கருதும் போக்கு இன்றும் காணப்படுகிறது. இந்நோயை அறியும் முறையையும் சிகிச்சையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அறிகுறிகள்

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட நோயறிக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, மனச்சோர்வுக்கு ஒன்பது அறிகுறிகளை வகுத்துள்ளது. அவற்றுள் ஐந்தேனும் இரண்டு வாரங்கள் தொடர்ந்து காணப்படுதல் வேண்டும். சோர்ந்த மனநிலை, ஆர்வமின்மை ஆகிய இரண்டனுள் ஒன்று அவ்வைந்தில் இடம்பெறுதல் கட்டாயம். சிறாரைப் பொறுத்தவரை சோர்ந்த மனநிலைக்கு மாற்றாக எரிச்சலுணர்வையும் கொள்ளலாம் என அக்கையேடு குறிப்பிடுகிறது. வயதுக்கேற்ற எடை கூடாமையும் கருதத்தக்கது. காரணம் புலப்படாத வயிற்றுவலி, தலைவலி, பள்ளிக்குச் செல்ல மறுத்தல் ஆகியனவும் உடன் தோன்றலாம். ஆகவே, அழுகையை மட்டும் எதிர்நோக்குவோர் சினத்தில் மறைந்திருக்கும் நோயைக் காணத் தவறுவர்.

சிகிச்சை

மிதமான நிலையில் உளவழிச் சிகிச்சையும் குடும்பத்தின் பங்கேற்பும் முதன்மை பெறுகின்றன. கடுமை மிகும்போது மருந்தும் தேவைப்படலாம். அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையிலான 439 பேரிடம் நிகழ்த்தப்பெற்று 2004இல் வெளியான ஆய்வில், 12 வாரங்களுக்குப் பின் புளூவாக்செட்டின் மருந்தும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையும் இணைத்துப் பெற்றோருள் 71 விழுக்காட்டினர் முன்னேற்றம் கண்டனர். மருந்து மட்டும் பெற்றோருள் இவ்வளவு 60.6 ஆகவும், உளவழிச் சிகிச்சை மட்டும் பெற்றோருள் 43.2 ஆகவும், போலி மருந்து பெற்றோருள் 34.8 ஆகவும் இருந்தது.

அதே ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், மனச்சோர்வு மருந்துகள் இளையோரிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என எச்சரித்தது. எனவே, மருந்து தொடங்கும் தொடக்க வாரங்களில் நெருங்கிய கண்காணிப்பு இன்றியமையாதது. மருத்துவரின் அறிவுரையின்றித் திடீரென மருந்தை நிறுத்துதலும் தீங்காகும்.

முடிவுரை

நோயை உறுதிசெய்தல் மருத்துவரின் பணி. மாற்றத்தை முதலில் கவனித்தல் பெற்றோராலும் ஆசிரியராலும் இயல்வது. தற்கொலை எண்ணம் உண்டா என நேரடியாகக் கேட்பது அவ்வெண்ணத்தை விதைப்பதாகாது, உதவிக்கு வழிதிறப்பதாகும். இந்தியாவில் 14416 என்னும் எண்ணில் டெலி-மானஸ் உதவி கிடைக்கிறது. கண்டிப்பதற்கு முன் காரணம் வினவும் ஆசிரியரே அம்மாணவர் பெறும் முதல் உதவியாவார்.