அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிகளின் வீரர் தேர்வு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிகளின் வீரர் தேர்வு என்பது, ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தங்கள் கால்பந்து அணிகளுக்கு உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவியரைத் தேடிச் சேர்க்கும் முறையாகும். அந்நாட்டில் 'ஃபுட்பால்' என்ற சொல் வேறொரு விளையாட்டைக் குறிப்பதால், கால்பந்து அங்கே 'சாக்கர்' எனப்படுகிறது.

இத்தேர்வுக்குப் பொதுவான தேர்வுக்குழுவோ தரவரிசைப் பட்டியலோ கிடையாது. ஒவ்வொரு கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளரும் துணைப் பயிற்சியாளர்களும் தங்கள் அணிக்கு வேண்டியவர்களைத் தாங்களே தேடுகின்றனர். எனவே நன்றாக ஆடினால் மட்டும் போதாது. இடம் காலியாக உள்ள அணியின் பயிற்சியாளர் உரிய காலத்தில் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாணவருக்குக் கல்லூரியில் சேரும் படிப்புத் தகுதியும் இருக்க வேண்டும்.

போட்டிப் பிரிவுகள்

கல்லூரி விளையாட்டுகளில் பெரும்பகுதியை என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நடத்துகிறது. 1906இல் தோன்றிய இச்சங்கம் 1973 முதல் மூன்று பிரிவுகளாக இயங்குகிறது. முதல் இரண்டு பிரிவுகளில் விளையாட்டு உதவித்தொகை உண்டு. ஆயினும் முதல் பிரிவில் உள்ள ஹார்வர்டு, யேல் முதலிய ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் அதை வழங்குவதில்லை. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகை இல்லை. படிப்புத் திறனையும் குடும்ப வருமானத்தையும் கருதி உதவி கிடைக்கும். இவற்றுக்கு வெளியே, சிறிய கல்லூரிகளுக்கான என்.ஏ.ஐ.ஏ., ஈராண்டுக் கல்லூரிகளுக்கான என்.ஜே.சி.ஏ.ஏ. ஆகிய அமைப்புகளும் உள்ளன.

என்.சி.ஏ.ஏ. ஆடவர் கால்பந்துப் போட்டி 1959இலும் மகளிர் போட்டி 1982இலும் தொடங்கின. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டின் 'டைட்டில் ஒன்பது' சட்டத்துக்குப் பின் மகளிர் அணிகள் பெருகின. இன்று முதல் பிரிவில் ஆடவர் அணிகளைவிட மகளிர் அணிகளே அதிகம்.

தொடர்பு கொள்ளும் காலம்

பயிற்சியாளர் ஒரு மாணவரிடம் எப்போது பேசலாம் என்பதற்குக் கண்டிப்பான விதிகள் உள்ளன. 2019 மே மாதம் முதல், முதல் பிரிவுக் கால்பந்துப் பயிற்சியாளர்கள், மாணவர் பத்தாம் வகுப்பை முடித்த ஆண்டின் ஜூன் 15 வரை அவரிடம் அணியில் சேர்வது பற்றிப் பேசக் கூடாது. கல்லூரிக்கு அழைத்து அணியைக் காட்டுவது அதே ஆண்டின் ஆகஸ்ட் 1 முதல் அனுமதிக்கப்படுகிறது. மூன்றாம் பிரிவில் கடிதத் தொடர்புக்கு இத்தகைய தடை இல்லை.

இவ்விதி வந்ததற்குக் காரணம் உண்டு. முன்பு பயிற்சியாளர் மாணவரை அழைக்கத்தான் தடை இருந்தது; மாணவர் அழைத்தால் பேசலாம். இந்த இடைவெளியில், உயர்நிலைப் பள்ளியில் கால் வைக்காத சிறுமியர்கூடக் கல்லூரிகளுக்கு வாய்மொழி உறுதி அளிக்கும் நிலை ஏற்பட்டது. வாய்மொழி உறுதி எந்தத் தரப்பையும் கட்டுப்படுத்தாது என்பதால், பயிற்சியாளர் மாறினாலோ மாணவர் காயமடைந்தாலோ அது கைவிடப்படலாம்.

விதி கட்டுப்படுத்துவது பயிற்சியாளரையே. மாணவர் எந்த வயதிலும் மின்னஞ்சல் அனுப்பலாம். ஜூன் 15க்கு முன் பதில் வராவிட்டால், அதை விருப்பமின்மை என்று கொள்ள வேண்டியதில்லை; பதில் எழுத அனுமதி இல்லாமல் இருக்கலாம்.

பயிற்சியாளர்கள் பார்க்கும் இடங்கள்

கல்லூரிகளின் போட்டிப் பருவமும் பல மாநிலங்களில் பள்ளிகளின் போட்டிப் பருவமும் இலையுதிர் காலத்தில் ஒன்றாக வருகின்றன. அதனால் பயிற்சியாளர்கள் பள்ளி ஆட்டங்களைவிட மன்ற ஆட்டங்களையே மிகுதியாகப் பார்க்கின்றனர். சிறுமியருக்கு 2009இல் தொடங்கிய இ.சி.என்.எல்., சிறுவருக்கு 2020இல் தொடங்கிய எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இவற்றின் 'ஷோகேஸ்' போட்டிகளில் ஒரே வளாகத்தில் பல மைதானங்களில் ஆட்டங்கள் நடக்கும். பயிற்சியாளர்கள் குறிப்பேட்டுடன் ஓரத்தில் நிற்பார்கள். ஆனால் அவர்கள் யாரைப் பார்ப்பது என்று பெரும்பாலும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள்.

இத்தகைய மன்றங்களுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டாலர் செலவாகலாம். அவ்வாறு செலவிட இயலாத குடும்பங்களுக்குக் கல்லூரிகளே நடத்தும் 'ஐடி முகாம்கள்' ஒரு வழி. அங்கே அக்கல்லூரியின் பயிற்சியாளரே நேரில் பயிற்சி தருவார். எனினும் முகாம் அழைப்புகள் கட்டணம் பெறும் நோக்கில் பலருக்கும் ஒரே மாதிரியாக அனுப்பப்படுகின்றன. பெயரும் ஆடும் நிலையும் குறிப்பிட்டு, பார்த்த ஓர் ஆட்டத்தைப் பற்றியும் எழுதியிருந்தால் மட்டுமே அதைத் தனிப்பட்ட ஆர்வம் எனக் கொள்ளலாம்.

மின்னஞ்சலும் காணொளியும்

முதல் மின்னஞ்சலைப் பெற்றோர் எழுதாமல் மாணவரே எழுதுவது நல்லது. அதில் இடம்பெற வேண்டியவை:

1. பள்ளிப் படிப்பை முடிக்கும் ஆண்டு, ஆடும் நிலை, மன்றத்தின் பெயர், சட்டை எண்.
2. அடுத்த போட்டியின் நாள், நேரம், மைதான எண்.
3. மதிப்பெண் சராசரியும் படிக்க விரும்பும் பாடமும்.
4. காணொளியின் இணைப்பு.
5. மன்றப் பயிற்சியாளரின் தொடர்பு விவரம்.
6. அந்தக் கல்லூரியைத் தேர்ந்ததற்கான காரணம்.

காணொளி மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் இருந்தால் போதும். சிறந்த காட்சிகள் தொடக்கத்திலேயே வர வேண்டும். ஒவ்வொரு காட்சியிலும் ஆடுபவர் யார் என்று அம்புக்குறியோ வட்டமோ காட்ட வேண்டும். கோல்கள் மட்டும் நிறைந்த தொகுப்பைவிட, பந்து இல்லாதபோது எங்கே நகர்கிறார், பந்தை இழந்த பின் என்ன செய்கிறார் என்பவை தெரியும் தொகுப்பே பயனுள்ளது. முழு ஆட்டப் பதிவு ஒன்றையும் கைவசம் வைத்திருப்பது நலம்.

அனுப்புவதற்கு முன் கல்லூரி இணையதளத்தில் உள்ள அணிப் பட்டியலைப் படிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் இரு கோல்கீப்பர்கள் உள்ள அணி அடுத்த ஆண்டே இன்னொருவரைத் தேட வாய்ப்புக் குறைவு. பின்கள வீரர் மூவர் ஒரே ஆண்டில் பட்டம் பெறும் அணிக்கு அவ்விடங்களுக்கு ஆள் தேவைப்படும். 28 பேர் கொண்ட அணியில் ஆண்டுக்கு ஏழெட்டு இடங்களே காலியாகும். அதனால் ஒரு பிரிவுக்குள் நின்றுவிடாமல், பல பிரிவுகளிலும் உள்ள கல்லூரிகளுக்கு எழுதுவதே நடைமுறைக்கு ஏற்றது.

படிப்புத் தகுதி

முதல் இரு பிரிவுகளில் ஆட, என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிவு செய்ய வேண்டும். உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டுகளில் 16 முதன்மைப் பாடங்களை முடிப்பதுடன், அவற்றில் சராசரி முதல் பிரிவுக்கு 2.3, இரண்டாம் பிரிவுக்கு 2.2 புள்ளிகளாவது பெற வேண்டும். முதல் பிரிவுக்கு அப்பாடங்களில் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் தவறான பாடத்தைத் தேர்ந்தால், அதன் விளைவு கடைசி ஆண்டில்தான் தெரியவரும். எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. தேர்வு மதிப்பெண் கட்டாயம் என்ற விதி 2023இல் நீக்கப்பட்டது. இவை குறைந்தபட்சத் தகுதிகளே; கல்லூரியின் சேர்க்கை வரம்பு இதைவிட உயர்வாக இருக்கலாம்.

உதவித்தொகை

கால்பந்தில் முழு உதவித்தொகை பெறுவோர் சிலரே. 2024-25 வரை முதல் பிரிவில் ஓர் ஆடவர் அணிக்கு 9.9, மகளிர் அணிக்கு 14 முழு உதவித்தொகைகளுக்கு ஈடான தொகையே அனுமதிக்கப்பட்டது. அதையே பலருக்கும் பிரித்துக் கொடுத்தனர். 2025இல் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, அதில் இணைந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை எண்ணிக்கை வரம்பு நீங்கி, அணிக்கு 28 பேர் என்ற வரம்பு வந்தது. இருப்பினும் எவ்வளவு தருவது என்பது கல்லூரியின் நிதிநிலையைப் பொறுத்தது. நல்ல மதிப்பெண் பெற்றவருக்குக் கல்வி உதவித்தொகையும் சேர்வதால், பல குடும்பங்களுக்கு அதுவே பெரிய தொகையாக அமைகிறது.

பணம் பெற்றுக்கொண்டு மாணவர்களை அறிமுகம் செய்யும் நிறுவனங்களும் உள்ளன. அவற்றில் சேர்வது கட்டாயமில்லை. கிடைக்கும் உதவித்தொகையில் பங்கு கேட்பது என்.சி.ஏ.ஏ. விதிகளுக்கு முரணானது.

அண்மைய மாற்றங்கள்

2018இல் வந்த 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' மூலம் மாணவர்கள் கல்லூரி மாறுவது எளிதானது. இதனால் பள்ளியை முடிக்கும் 17 வயது மாணவர், ஏற்கெனவே கல்லூரியில் ஆடிப் பழகிய 20, 21 வயதினருடன் ஒரே இடத்துக்குப் போட்டியிட நேர்கிறது. வெளிநாட்டு வீரர்களின் வரவும், குறிப்பாக ஆடவர் பிரிவில், கணிசமானது. எனவே ஈராண்டுக் கல்லூரியிலோ சிறிய கல்லூரியிலோ தொடங்கி, பின்னர் மாறுவதும் ஒரு வழியாகிவிட்டது.

பெரிய பெயர் பெற்ற அணியில் ஆடினால்தான் எதிர்காலம் என்பதும் இல்லை. மியா ஹாம் மகளிர் கால்பந்தில் முன்னணியில் நின்ற வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆடினார். 2022 உலகக் கோப்பையில் அமெரிக்காவின் கோல்கீப்பராக இருந்த மாட் டர்னரோ, ஃபேர்ஃபீல்டு என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 2016இல் தொழில்முறை அணிகளின் தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை.

கல்லூரியில் ஆடும் பெரும்பாலோர் தொழில்முறை வீரர்களாவதில்லை. காயத்தால் ஆட்டம் நின்றாலும், பயிற்சியாளர் மாறினாலும், அங்கேயே தொடர்ந்து படிக்க விரும்புவாரா, கட்டணத்தைக் குடும்பம் தாங்குமா என்று பார்த்துக் கல்லூரியைத் தேர்வதே பாதுகாப்பானது.