குடும்ப மரத்தை எதில் எழுதி வைப்பது?

கல்வராயன் மலையில் மாணவர்கள் குடும்ப மரம் எழுதத் தொடங்கினால் முதலில் இடறுவது பெயர்தான். வம்சாவளி மென்பொருள்கள் பலவும் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நம்பி நிற்பவை. நமக்கோ முன்னெழுத்துதான்; அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். போதாததற்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். கு. ராமனின் மகன் ரா. குப்பன், அவர் மகன் மறுபடியும் கு. ராமன். பட்டியலில் தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். பழங்குடிச் சான்றுக்காக முன்னோரின் பதிவைத் தேடும் குடும்பத்துக்கு இது சிறிய குழப்பம் அல்ல.

ஆகவே கருவி எதுவானாலும் ஆளுக்கு ஓர் எண் கொடுக்கச் சொல்கிறேன். நோட்டில் ஒருவருக்கு ஒரு பக்கம்: எண், பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், ஊர், தந்தை எண், தாய் எண், தகவல் சொன்னவர். தாய் எண்ணை விட்டுவிடக் கூடாது. முன்னெழுத்து மறைப்பது பெரும்பாலும் அவரைத்தான். மாமன் மகளை மணந்த வீட்டில் ஒருவரே இரண்டு கிளையில் வருவார். சார்ட்டில் அது சிக்கல், எண்ணில் இல்லை. பிறந்த ஆண்டு தெரியாத பெரியவரிடம், மலையில் ஜாகிர் முறை முடிந்த 1976-க்கு முன்பா, பின்பா என்று கேட்கலாம்.

ஐம்பது பேர் வரை லிபர்ஆபீஸ் விரிதாளே போதும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துரு வேறு கணினியில் கிறுக்கலாகும். அதற்கு மேல் கிராம்ப்ஸ் நல்லது: இலவசம், மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும் இயங்கும். ஜெட்காம் கோப்பாக எடுத்தால் பிற மென்பொருள்களிலும் திறக்கலாம். உயிரோடிருப்பவர்களை விலக்கிப் பிரதி எடுக்கவும் வழியுண்டு. வகுப்புச் சுவரில் ஒட்டுவது அந்தப் பிரதியைத்தான்.