எங்கே ஒதுங்கினாலும் விடாத இரைச்சல்... அமுக்கிப் பிடித்த விஞ்ஞானிகள்!

விழுப்புரம் பக்கம் கோலியனூர் கூட்டுரோட்டில் நின்று போன் பேசியவர்களுக்குத் தெரியும். புதுச்சேரி பஸ், பண்ருட்டி பஸ், லாரி ஹாரன் என்று ஒரே இரைச்சல். எதிர்முனையில் பேசுவது பாதிதான் காதில் விழும். கொஞ்சம் ஒதுங்கிப் போனால் பிரச்னை தீர்ந்தது. ஆனால், ஒதுங்கவே முடியாத ஓர் இரைச்சல் உண்டு. அது ஒளிக்குள்ளேயே இருக்கிறது!

ஒளி, போட்டான் என்ற துகள்களாக வருகிறது. தகரக் கூரையில் விழும் மழைத்துளிகள் போல அவை ஒழுங்கில்லாமல் வந்து விழும். அதனால், ஒளியை வைத்து எதை அளந்தாலும் அளவு லேசாக நடுங்கும். இதுதான் குவான்டம் இரைச்சல்.

அமெரிக்காவின் லைகோ ஆய்வகத்துக்கு இது பெரிய தலைவலி. கருந்துளைகள் மோதும்போது கிளம்பும் ஈர்ப்பு அலையை, 4 கி.மீ. தூரம் லேசர் கதிரை ஓடவிட்டு அது அளக்கிறது. அலையால் ஏற்படும் மாற்றம், ஒரு புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு!

லேசரின் சக்தியை 4 மடங்காக்கினால் நடுக்கம் பாதியாகும். ஆனால், அதிகப் போட்டான்கள் மோதி மோதி, கண்ணாடியே ஆட ஆரம்பித்துவிடும்.

அதற்கு வழி, 'அமுக்கப்பட்ட ஒளி'. பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் புடைக்கும் இல்லையா? அதுபோல, அளவீட்டைக் கெடுக்கும் இரைச்சலை அமுக்கி, தொந்தரவு தராத பக்கம் தள்ளிவிடுகிறார்கள். 2019-ல் லைகோ இதைப் பயன்படுத்தியபோது, அலைகளைக் கண்டறியும் வாய்ப்பு 40 முதல் 50 சதவிகிதம் கூடியது. 2023-ல் 300 மீட்டர் நீள வடிகட்டி ஒன்றைச் சேர்த்து, எந்த அதிர்வெண்ணில் எந்தப் பக்கம் அமுக்குவது என்பதையும் மாற்றிக்கொள்ளும்படி செய்தார்கள்.

இதிலும் ஒரு சிக்கல். வழியில் கொஞ்சம் ஒளி சிதறினாலும், அந்த இடத்தில் பழைய இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே, ஒளியை இழக்காமல் காப்பதுதான் இப்போது பெரிய சவால்.

இப்படிப்பட்ட விசேஷ ஒளியைச் சாதாரண ஒளியிலிருந்து பிரித்தறியும் கணிதத்தை 1963-ல் தந்தவர்களில் ஒருவர், ஈ.சி.ஜி.சுதர்சன். கோட்டயம் அருகே பிறந்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார்.

லைகோவின் இந்தியக் கிளைக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. இடம், மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டம். அங்கும் இதே இரைச்சலோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். இன்று பிளஸ் டூ இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அங்கே நிறைய வேலை காத்திருக்கிறது!