தோட்டாவுக்கு எது நியாய விலை?

அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 50 தோட்டாக்கள் அடங்கிய 9 மில்லிமீட்டர் பெட்டி ஒன்று ஏறக்குறைய 10 டாலருக்குக் கிடைத்தது. ஓராண்டு கழித்து அதே பெட்டிக்கு 40 டாலர் கேட்டார்கள். சில இடங்களில் 50ஐயும் தாண்டியது. பித்தளையும் ஈயமும் வெடிமருந்தும் நான்கு மடங்கு ஏறிவிடவில்லை. தொழிற்சாலைகளும் தங்கள் விலையை ஓரளவே உயர்த்தியிருந்தன. இடையில் ஏறிய பணம் யாருக்குப் போனது, அதை வாங்கியது முறையா என்ற சண்டை, அங்கே துப்பாக்கி வைத்திருப்பவர்களிடையே ஒவ்வொரு தட்டுப்பாட்டின்போதும் மூள்கிறது. என் பொருள், என் விலை. பிடிக்காதவர் வாங்க வேண்டாம் என்கிறது ஒரு தரப்பு. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று அலைகிறார்கள் என்கிறது மறுதரப்பு.

இந்தச் சண்டையில் கடைக்காரர்களைவிட அதிகமாக அடிபடுபவர்கள் தனிநபர் விற்பனையாளர்கள். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, துப்பாக்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்குக் கூட்டரசின் உரிமம் வேண்டும். தன்னிடமிருக்கும் துப்பாக்கியை எப்போதாவது விற்பவருக்கு அது தேவையில்லை. ஒரே மாநிலத்தில் வசிக்கும் இருவர் தங்களுக்குள் விற்று வாங்கினால் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனையையும் கூட்டரசுச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கலிபோர்னியா, நியூயார்க், கொலராடோ, வாஷிங்டன் போன்ற மாநிலங்கள்தான் தம் எல்லைக்குள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. தோட்டா விஷயத்தில் பிடி இன்னும் தளர்வு. தோட்டா விற்கவும் உரிமம் வேண்டும் என்றிருந்த விதியை 1986ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் எடுத்துவிட்டது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் தோட்டாவுக்கும் உரிமம் காட்ட வேண்டிய இந்தியாவிலிருந்து பார்ப்பவருக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் அங்கே பல மாநிலங்களில் வார இறுதியில் மண்டபம் பிடித்து நடத்தும் துப்பாக்கிச் சந்தைகளில் ஒரு மேசையை வாடகைக்கு எடுத்து எவரும் தோட்டா விற்கலாம்.

விலை இப்படித் துள்ளுவதற்கு அடிப்படைக் காரணம், தேவை ஒரே வாரத்தில் ஏறுகிறது, உற்பத்தி அப்படி ஏறுவதில்லை என்பதே. தோட்டாவின் அடியில் பிரைமர் என்ற சிறு வெடிப்பு மூடி இருக்கிறது; துப்பாக்கியின் ஊசி அதைத் தட்டினால்தான் உள்ளிருக்கும் மருந்து பற்றும். அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்பவை ஃபெடரல், சி.சி.ஐ., வின்செஸ்டர், ரெமிங்டன் என்ற விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களே. பிரைமர் வெடிபொருள் என்பதால் அதற்கான ஆலையைப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டுத்தான் கட்ட முடியும். நினைத்த மாத்திரத்தில் இன்னொன்றை எழுப்பிவிட முடியாது. நிறுவனங்களுக்கு விரிவாக்கத்தில் தயக்கமும் உண்டு. 2016 தேர்தலுக்குப் பின் துப்பாக்கித் தடை வரும் என்ற அச்சம் விலகி விற்பனை சரிந்தது. இருநூறு ஆண்டுப் பழமை கொண்ட ரெமிங்டன் 2018இல் திவாலானது. 2020 ஜூலையில் மீண்டும் திவாலானது. நாடே தோட்டாவுக்கு அலைந்த அதே நேரத்தில் அதன் ஆர்கன்சா மாநிலத் தோட்டா ஆலை ஏலத்துக்கு வந்து, அப்போது ஃபெடரலின் தாய் நிறுவனமாக இருந்த விஸ்டா அவுட்டோர் கைக்குப் போனது.

தேவையின் பக்கம் கணக்கு இப்படி: 2019இல் எஃப்.பி.ஐ. வழியாக நடந்த பின்னணிச் சோதனைகள் சுமார் 2.84 கோடி, 2020இல் அது 3.97 கோடி. ஒவ்வொரு சோதனையும் ஒரு விற்பனை அல்ல என்றாலும் ஏற்றத்தின் அளவை இது காட்டுகிறது. பெருந்தொற்று, ஊரடங்கு, தெருப் போராட்டங்கள், தேர்தல் எல்லாம் ஒரே ஆண்டில் வந்தன. அந்த ஆண்டு முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் மட்டும் 84 லட்சம் பேர் என்று துப்பாக்கித் தொழில் சங்கம் மதிப்பிட்டது. வாங்கிய ஒவ்வொருவரும் ஆளுக்கு இரண்டு பெட்டித் தோட்டா கேட்டால் போதும், அலமாரி காலி. போதாக்குறைக்கு, 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதை அமெரிக்க அரசு நிறுத்தியது. மலிவான எஃகுக்கூட்டுத் தோட்டாக்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ஆனால் பதுக்கி விற்பது என்ற குற்றச்சாட்டு முழு வடிவம் எடுத்தது அதற்கு முன்பே, 2013இல். 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, புதிய தடை வரும் என்ற எதிர்பார்ப்பில் கடைகள் காலியாயின. அதில் விசித்திரம், எந்தத் தடைப் பேச்சிலும் அடிபடாத பாயிண்ட் 22 தோட்டாதான் நெடுநாள் கிடைக்காமல் போனது. பிள்ளைகள் சுடப் பழகுவதும், முயல், அணில் வேட்டைக்குப் போவதும் இதை வைத்துத்தான். 500 தோட்டா கொண்ட கட்டு 20 டாலர் அளவில் விற்ற பொருள் இது. இதில் பற்றும் மருந்து கூட்டின் விளிம்பிலேயே அடைக்கப்பட்டிருப்பதால், மற்ற ரகங்களைப் போல வீட்டில் மறுபடி நிரப்பிக்கொள்ளவும் வழியில்லை. வால்மார்ட் 2013 ஜனவரியில் ஆளுக்கு 3 பெட்டி என்று வரம்பு வைத்தது. வரம்பும் உதவவில்லை. சரக்கு லாரி எந்த நாள், எந்த நேரம் வரும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு விடியற்காலையிலேயே வரிசையில் நின்று, தினமும் வரம்பு அளவுக்கு வாங்கிச் சேர்த்து, சனி ஞாயிறு சந்தையில் 50 டாலருக்கும் அதற்கு மேலும் விற்கும் ஒரு கூட்டம் உருவானது. வேலை முடிந்து மாலையில் கடைக்கு வந்த தகப்பனுக்குக் கிடைத்தது வெறும் அலமாரி. அவர் மகளுக்கு 500 தோட்டா வேண்டுமென்றால், காலையில் அவருக்கு முன்னால் நின்றவரிடமே இரண்டு மூன்று மடங்கு கொடுத்து வாங்க வேண்டும்.

உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைதான் கோடிக்கணக்கில் வாங்கிப் பொதுமக்களுக்கு இல்லாமல் செய்கிறது என்ற வதந்தியும் அப்போது காட்டுத்தீயாகப் பரவியது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து 2014இல் அறிக்கை கொடுத்தது. அத்துறை ஆறு ஆண்டுகளாக ஆண்டுக்குச் சராசரியாக 10.9 கோடி தோட்டா வாங்கியிருந்தது. பல நூறு கோடி தோட்டா புரளும் சந்தையில் அது சிறு பங்கு. தட்டுப்பாட்டை வளர்த்ததில் பெரும்பங்கு, அது நீடிக்கும் என்று நம்பித் தேவைக்கு மேல் வாங்கி அடுக்கிய பொதுமக்களுடையதுதான்.

விலையேற்றத்தை ஆதரிப்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. விலை ஏறாவிட்டால் முதலில் வருபவர் பத்துப் பெட்டியையும் அள்ளிக்கொண்டு போவார். ஏறினால் ஒன்றோடு நிறுத்துவார். பெட்டியில் பத்தாயிரம் தோட்டாவைப் பூட்டி வைத்திருப்பவர் அதில் கொஞ்சத்தைச் சந்தைக்குக் கொண்டுவருவதும் நல்ல விலை கிடைக்கும் என்றால்தான். கடைக்காரருக்கு இன்னொரு கணக்கு உண்டு. 10 டாலருக்கு வாங்கிய பெட்டியை 12க்கு விற்றுவிட்டு, அடுத்த சரக்கை 25 டாலருக்குக் கொள்முதல் செய்ய நேர்ந்தால் அவர் கையிலிருந்து போட வேண்டும்.

இருந்தும் மக்கள் மனம் இதை அப்படியே ஏற்பதில்லை. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் கனடா மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். 15 டாலருக்குப் பனிவாரி விற்கும் கடை, பனிப்புயலுக்கு மறுநாள் காலை 20 டாலர் ஆக்கினால் முறையா? முறையில்லை என்றவர்கள் 82 சதவீதம். கடைக்காரரின் அடக்க விலை ஏறி அதனால் விலை ஏறினால் மட்டும் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். தோட்டா விஷயத்திலும் இந்த உணர்வே சரியான இடத்தைத் தொடுகிறது. ஐந்தாண்டுக்கு முன் வாங்கி வைத்ததை இன்றைய விலைக்கு விற்பவர் சந்தைக்கு ஒரு பெட்டியைக் கூட்டுகிறார். விடியற்காலை வரிசையில் நின்று அலமாரியைத் துடைத்தவர் எதையும் கூட்டவில்லை. அங்கே ஏற்கெனவே இருந்ததை எடுத்து நடுவில் ஒரு சுங்கச்சாவடி போட்டிருக்கிறார். இருவரும் ஒரே 40 டாலர் கேட்டாலும் இரண்டும் ஒரே செயல் அல்ல.

சட்டம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. அநியாய விலைக்கு எதிராகக் கூட்டரசு அளவில் பொதுச்சட்டம் கிடையாது, மாநிலங்கள்தான் இயற்றியிருக்கின்றன. கலிபோர்னியாவில் நெருக்கடி நிலை அறிவித்த பிறகு, அதற்கு முந்தைய விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. அடக்கம் கூடியதைக் காட்டினால் விலக்கு. புளோரிடாவில் முந்தைய 30 நாள் சராசரி விலையோடு ஒப்பிடுகிறார்கள். டெக்சாஸ் சட்டம் எரிபொருள், உணவு, மருந்து, மற்ற அவசியப் பொருள் என்று பேசுகிறது. தோட்டா அவசியப் பொருளா என்பது வாதத்துக்கு விடப்பட்ட விஷயம். 2020 மார்ச் இறுதியில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட அத்தியாவசியப் பணியாளர் பட்டியலில் துப்பாக்கிக் கடை ஊழியர்களும் சேர்க்கப்பட்டது ஆம் என்பவர்களுக்கு வலு சேர்த்தது. ஆனால் இச்சட்டங்கள் உயிர்பெறுவது நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டால்தான். 2013இல் அப்படி எதுவும் அறிவிக்கப்படவில்லை. அரசியல் அச்சத்தால் எழுந்த தட்டுப்பாடு பொதுவாகப் பேரிடராகக் கருதப்படுவதில்லை.

ஆகவே நியாய விலையை வாங்குபவரே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கேட்கும் விலை அதற்கு அளவுகோல் ஆகாது. விற்று முடிந்த விலைதான் ஆகும். கன்புரோக்கர் போன்ற ஏலத் தளங்களில் முடிந்த ஏலங்களைப் பார்த்தால், 900 டாலர் என்று ஒருவர் எழுதி வைத்த பொருள் உண்மையில் 600க்குப் போவது தெரியும். புதிய கிளாக் 19 கைத்துப்பாக்கி சுமார் 550 டாலருக்குக் கிடைக்கும் நாளில், பழையதற்கு 500 கேட்பது விற்பவரின் ஆசை மட்டுமே. பழைய துப்பாக்கிகளுக்கு அவற்றின் நிலையைச் சதவீதமாகக் குறித்து விலை சொல்லும் புளூ புக் என்ற தொகுப்பு இருக்கிறது. தோட்டாவில் பார்க்க வேண்டியது வேறு: பித்தளைக் கூட்டில் பச்சை பூத்திருக்கிறதா, அடியில் பொறித்த ஆலை முத்திரை பெட்டியிலுள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா, புதிய சரக்கா, வீட்டில் மறுபடி நிரப்பியதா. நிரப்பித் தோட்டா செய்து விற்க உரிமம் வேண்டும். யார் நிரப்பியது என்று தெரியாத தோட்டா துப்பாக்கியையும் கையையும் சேர்த்தே கெடுக்கக்கூடும். ஆலைத் தோட்டாவின் விலையை அதற்குக் கேட்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான ஏமாற்று.

துப்பாக்கியில் விலையேற்றம் இருவகைப்படும். 1986 மே 19க்குப் பின் பதிவான இயந்திரத் துப்பாக்கிகளைத் தனியார் வாங்க முடியாது என்று சட்டம் வந்ததால், அதற்கு முன் பதிவான சுமார் ஒன்றே முக்கால் லட்சம் மட்டுமே கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஒரு எம்-16 இன்று 30,000 டாலரைத் தாண்டுகிறது. இனி ஒன்றுகூடப் புதிதாக வராது என்பது வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் தெரியும். யானை விலை குதிரை விலையாக இருந்தாலும் அது நேர்மையான சந்தை. தடை வரப்போகிறது என்ற பேச்சில் ஏறும் விலை இதற்கு நேர்மாறு. 1994ஆம் ஆண்டின் தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடைக்கு முன் விலைகள் எகிறின; ஆலைகள் உற்பத்தியைக் குவித்தன; தடை வந்தபின் விலை பழைய நிலைக்கே இறங்கியது. 2021இல் 70, 80 சென்டுக்கு 9 மி.மீ. தோட்டா வாங்கி அடுக்கியவர்களும் 2023இல் அது 25 சென்ட் அளவுக்கு இறங்கியதைப் பார்த்தார்கள்.

லாபத்துக்காக வாங்கி விற்பதில் தோட்டாவுக்கும் துப்பாக்கிக்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. துப்பாக்கியைத் திரும்பத் திரும்ப வாங்கி விற்றால் விற்பவர் வியாபாரி ஆகிவிடுகிறார். பிழைப்புக்காகச் செய்தால்தான் வியாபாரம் என்றிருந்த வரையறையை 2022 ஜூன் மாதச் சட்டம் மாற்றி, முதன்மையாக லாபம் நோக்கமாக இருந்தாலே போதும் என்றாக்கியது. உரிமமின்றிச் செய்தால் ஐந்தாண்டு வரை சிறை. தட்டுப்பாட்டு நாளில் கடையில் ஐந்து துப்பாக்கி வாங்கி மறுவாரம் கூடுதல் விலைக்குத் தள்ளுபவர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி ஆகலாம். ஐயாயிரம் தோட்டாவை அப்படித் தள்ளுபவரை இந்த விதி தொடாது.

தனியார் விற்பனையில் விலை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். கடையில் 550க்குப் புதிதாகக் கிடைக்கும் துப்பாக்கியை, அதுவும் பழையதை, 800 டாலருக்கு ஒருவர் பேரம் பேசாமல் கேட்டால், அவர் பணம் கொடுப்பது துப்பாக்கிக்காக இல்லாமல் இருக்கக்கூடும். கடையின் சோதனையில் தேறமாட்டோம் என்று தெரிந்தவர்தான் அந்த மிச்சத்தைத் தரத் தயாராக இருப்பார். துப்பாக்கி வைத்திருக்கத் தடையுள்ளவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ விற்பது தனிநபருக்கும் கூட்டரசுக் குற்றம். அதிக விலையைப் பற்றிய பேச்சில் வாங்குபவர் ஏமாறுவதைப் பற்றியே பேசுகிறார்கள். விற்பவர் மனமுவந்து வாங்கிக்கொள்ளும் அதிக விலையால் யாரோ மூன்றாம் ஆளின் உயிர் போகலாம் என்பது அதைவிடக் கனமான விஷயம். இதனால்தான் கவனமுள்ள விற்பனையாளர்கள், சட்டம் கேட்காத மாநிலத்திலும், உரிமம் பெற்ற கடைக்கு வாங்குபவரை அழைத்துப்போய் சோதனை முடித்தே துப்பாக்கியைக் கைமாற்றுகிறார்கள். அதற்குக் கடைகள் வாங்கும் கட்டணம் பெரும்பாலும் 25 முதல் 50 டாலர் வரை ஆகும். விலை பேசும்போதே அதை யார் தருவது என்றும் பேசிவிடுவது வழக்கம்.