கோப்பை ஆறு, கணக்கு வேறு

2011ஆம் ஆண்டு இத்தாலியில் நடந்த இளையோர் உலக ரக்பிப் போட்டியில் நியூசிலாந்தின் 20 வயதுக்குட்பட்டோர் அணி வேல்ஸை 92–0 என்று நொறுக்கியது. அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் நகரில் அதே இரண்டு நாடுகள் மறுபடியும் மோதின. வேல்ஸ் 9, நியூசிலாந்து 6.

ரக்பியில் ட்ரை போட்டால் 5 புள்ளி. அதைத் தொடர்ந்து உதைக்கும் கன்வெர்ஷனுக்கு 2. பெனால்டி உதைக்கும் டிராப் கோலுக்கும் தலா 3. ஆக, 9–6 என்றால் இரண்டு பக்கமும் ஒரு ட்ரைகூட விழவில்லை என்பது கூட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். முதல் நான்கு உலகக் கோப்பைகளையும் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் அள்ளிச் சென்ற அணி, இந்தப் போட்டியில் சந்தித்த முதல் தோல்வி அது. அதுவும் முந்தைய ஆண்டு ஒரு புள்ளிகூட எடுக்க முடியாமல் தவித்த அணியிடம்!

‘பேபி பிளாக்ஸ்’ என்று செல்லமாக அழைக்கப்படும் இந்த அணிக்கு, மூத்தோர் அணியான ஆல் பிளாக்ஸின் அதே கறுப்புச் சீருடைதான். ஆட்டம் தொடங்கும் முன் ஹாக்கா நடனமும் உண்டு. அதுவரை 19 வயது, 21 வயது என இரண்டாக நடந்துவந்த உலகப் போட்டிகளை ஒன்றாக்கி, 2008இல் 20 வயதுக்குட்பட்டோருக்கான போட்டியைத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து நியூசிலாந்து வென்ற கோப்பைகள் ஆறு: 2008, 2009, 2010, 2011, 2015, 2017. இங்கிலாந்துக்கு நான்கு, பிரான்ஸுக்கு மூன்று, தென்னாப்பிரிக்காவுக்கு இரண்டு. வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. இதில் இங்கிலாந்தின் பாடுதான் பரிதாபம். நியூசிலாந்து வென்ற ஆறு இறுதி ஆட்டங்களில் ஐந்தில் எதிரே நின்று தோற்றது அந்த அணிதான். 2017இல் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் வாங்கிய அடி 64–17.

பட்டியல் இப்படிச் சொல்கிறது. ஆனால் இளையோர் அணியைக் கோப்பைகளை எண்ணி மட்டும் மதிப்பிட முடியாது என்பதற்கு நியூசிலாந்தைவிட நல்ல சான்று கிடைக்காது.

2008 அணியையே எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் உலகின் சிறந்த இளையோர் வீரராகத் தேர்வானவர் லூக் பிரெய்ட். அவருக்கு ஆல் பிளாக்ஸ் சீருடையில் ஒரு டெஸ்ட் ஆட்டம்கூட அமையவில்லை. அதே அணியில் அவ்வளவாகப் பேசப்படாத இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஒருவர் சாம் வைட்லாக், 153 டெஸ்ட் ஆடி ஆல் பிளாக்ஸ் வரலாற்றிலேயே முதலிடத்தில் இருப்பவர். இன்னொருவர் ஆரோன் ஸ்மித், 125 டெஸ்ட். 2010இல் கோப்பையைத் தூக்கிய தலைவர் டைலர் பிளெய்யண்டாலுக்கும் ஆல் பிளாக்ஸ் வாய்ப்பு வரவில்லை. அவர் பிறகு அயர்லாந்தின் மன்ஸ்டர் அணிக்குப் போனார்.

2009 அணித்தலைவர் ஆரோன் குரூடனின் கதையே தனி. 2008இல் விரைப் புற்றுநோய் கண்டு சிகிச்சை பெற்றவர், மறு ஆண்டு உலகக் கோப்பையைக் கையில் ஏந்தினார். சிறந்த இளையோர் வீரர் விருதும் அவருக்கே. 2011இல் சொந்த மண்ணில் நடந்த மூத்தோர் உலகக் கோப்பைக்கு முதலில் அவரை எடுக்கவில்லை. அணியின் ஃப்ளை ஹாஃப் (ஆட்டத்தை வழிநடத்துபவர்) டான் கார்ட்டர் காயப்பட்டதும் அவசரமாகக் கூப்பிட்டார்கள். இறுதி ஆட்டத்தில் ஃப்ளை ஹாஃப் இடத்தில் இறங்கியவருக்கும் பாதியிலேயே முழங்காலில் அடி. அவருக்குப் பதிலாக வந்த ஸ்டீபன் டொனால்ட் உதைத்த பெனால்டியால் நியூசிலாந்து 8–7 என்று பிரான்ஸைத் தாண்டியது.

வேல்ஸை 92–0 என வதைத்த 2011 அணியில் பியூடன் பாரெட், புரோடி ரெட்டாலிக், சாம் கேன், கோடி டெய்லர், டி.ஜே. பெரெனாரா இருந்தார்கள். நான்கே ஆண்டில் ஐந்து பேரும் மூத்தோர் உலகக் கோப்பையை வென்ற அணியில் இடம்பிடித்தார்கள். ரெட்டாலிக் 2014இலும், பாரெட் 2016, 2017 இரண்டு ஆண்டுகளிலும் உலகின் சிறந்த வீரர்கள். அந்த 2011 அணியில் இன்னொருவர் கேரத் அன்ஸ்கோம். அவருடைய அம்மா வேல்ஸ்காரர். பின்னாளில் அவர் வேல்ஸ் தேசிய அணிக்கே ஆடி, 2019இல் ஐரோப்பாவின் ஆறு நாடுகள் போட்டியை எல்லா ஆட்டங்களும் வென்று கைப்பற்றியதில் பங்கு பெற்றார்.

இதற்கு நேரெதிர் உதாரணமும் உண்டு. 2012, 2013 ஆண்டுகளில் பேபி பிளாக்ஸ் வெறுங்கையோடு திரும்பியது. முதலாவதில் இறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் 22–16 தோல்வி, அடுத்ததில் நான்காம் இடம். அந்த அணியில் ஆடிய ஆர்டி சவேயாதான் 2023இல் உலகின் சிறந்த வீரர். நாற்றங்காலில் எந்தப் பயிர் முதலில் தலை நீட்டியது என்பதை வைத்து அறுவடையைக் கணிக்க முடியாது. பயிற்சியாளர்களுக்கும் இது பொருந்தும்: முதல் மூன்று கோப்பைகளை வென்றுதந்த டேவ் ரென்னி பின்னாளில் ஆஸ்திரேலிய அணியைப் பயிற்றுவித்தார், 2015 அணியின் பயிற்சியாளர் ஸ்காட் ராபர்ட்சன் 2024இல் ஆல் பிளாக்ஸ் பொறுப்புக்கு வந்தார்.

சரி, 2017க்குப் பிறகு என்ன ஆயிற்று? 2018இல் நான்காம் இடம். 2019இல் ஏழாம் இடம். கொரோனாவால் மூன்று ஆண்டுகள் போட்டியே இல்லை. 2023இல் மறுபடியும் ஏழு. நியூசிலாந்துக்கு ஏழாம் இடமா என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் போட்டி அமைப்பைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் 16 அணிகள் ஆடின. 2010 முதல் 2025 வரை 12 அணிகள். நான்கு அணிகள் கொண்ட மூன்று பிரிவுகள். பிரிவில் முதலிடம் பெற்ற மூன்று அணிகளும், இரண்டாம் இடத்தில் வந்தவற்றில் சிறந்த ஒன்றும்தான் அரையிறுதிக்குப் போயின. அதாவது, பிரிவின் மூன்று ஆட்டங்களில் ஒன்றில் தோற்றாலும் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. 2012இல் வேல்ஸிடம் தோற்றபோது அந்த நான்காவது இடம் நியூசிலாந்துக்குக் கிடைத்தது. அரையிறுதியில் அதே வேல்ஸை 30–6 என்று பழி தீர்த்தார்கள். 2016, 2019, 2023 மூன்று முறையும் இரண்டு வெற்றி, ஒரு தோல்வி. மூன்று முறையும் கதவு சாத்தப்பட்டது. அதன் பிறகு ஐந்தாம் இடத்துக்கான ஆட்டங்களில் மனம் விட்டுப்போவது இயல்புதான். 2019இல் அந்தக் கட்டத்தில் வேல்ஸிடம் 8–7 என்று தோற்றார்கள். அந்த ஏழாம் இடத்தைப் பார்த்து நியூசிலாந்து ரக்பியே சரிந்துவிட்டது என்று எழுதியவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டார்கள் என்றே சொல்வேன்.

ஆனாலும் மற்றவர்கள் எட்டிப் பிடித்துவிட்டார்கள் என்பதை மறைக்க முடியாது. 2016இல் மான்செஸ்டரில் அயர்லாந்துப் பையன்கள் 33–24 என்று நியூசிலாந்தை வீழ்த்தினார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆல் பிளாக்ஸை வெல்லாத அயர்லாந்தின் மூத்தோர் அணி, அதே ஆண்டு நவம்பரில் சிகாகோவில் 40–29 என்று அதைச் சாதித்தது. 2018 அரையிறுதியில் பெர்பிஞ்ஞான் நகரில் பிரான்ஸ் 16–7 என்று வென்று, கோப்பையையும் கொண்டுபோனது. 2019, 2023 கோப்பைகளும் பிரான்ஸுக்கே.

பிரான்ஸில் என்ன நடந்தது என்பது சுவாரசியமானது. வெளிநாட்டு வீரர்களை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த அந்நாட்டு கிளப்புகளுக்கு, உள்ளூரில் பயிற்சி பெற்றவர்கள் இத்தனை பேர் இருந்தாக வேண்டும் என்று 2010 வாக்கில் விதி வந்தது. விளைவு, 18, 19 வயதிலேயே பையன்கள் முரட்டு ஆண்களோடு ஸ்க்ரம்மில் தோள் கொடுக்கத் தொடங்கினார்கள். 2018இல் கோப்பை வென்ற ரோமேன் ந்தமாக், அதற்கு முன்பே துலூஸ் கிளப்பின் முதல் அணியில் ஆடியிருந்தார். 2023இல் லூயி பியெல்-பியாரே வயதுப்படி இளையோர் அணியில் ஆடியிருக்கலாம். அவரோ மூத்தோர் உலகக் கோப்பைக்குப் போய்விட்டார். அவர் இல்லாமலேயே பிரான்ஸ் இறுதியில் அயர்லாந்தை 50–14 என்று வென்றது.

நியூசிலாந்தின் பலம் பள்ளி ரக்பி. கண்டியிலும் கொழும்பிலும் பள்ளி ஆட்டங்களுக்குக் கூடும் கூட்டத்தை அறிந்த இலங்கை வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பள்ளியின் முதல் அணியில் இடம் பிடிப்பது அங்கே ஊரறிந்த கௌரவம். பலவீனம் பள்ளிக்குப் பிறகு வருகிறது. ஐரோப்பிய அணிகளுக்கு ஆண்டுதோறும் 20 வயதுக்குட்பட்டோருக்கான ஆறு நாடுகள் போட்டி உண்டு. உலகக் கோப்பைக்கு முன்பே சம பலமுள்ள எதிரிகளோடு ஐந்து ஆட்டங்கள் ஆடிவிடுவார்கள். நியூசிலாந்துப் பையன்களுக்கு ஓசியானியப் போட்டியில் ஒன்றிரண்டு ஆட்டங்கள் கிடைத்தால் உண்டு என்பதே 2024க்கு முந்தைய நிலை. அதுவரை ஒருவரோடொருவர் ஆடாதவர்கள் சில வாரங்களில் அணியாகி விமானம் ஏறினார்கள்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2024இல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா நான்கும் சேர்ந்து இளையோருக்கான தனிப் போட்டியைத் தொடங்கின. முதல் பட்டம் நியூசிலாந்துக்கு. அந்த ஆண்டு உலகப் போட்டியில் மூன்றாம் இடம். அரையிறுதியில் பிரான்ஸிடம் 55–31 என்று மறுபடியும் உதை. 2025இல் இத்தாலியில் அதே பிரான்ஸை அரையிறுதியில் 34–26 என்று வென்று, 2017க்குப் பின் முதல் முறையாக இறுதிக்கு வந்தார்கள். ஜூலை 19 அன்று ரோவிகோ நகரில் நடந்த அந்த ஆட்டத்தைத் தென்னாப்பிரிக்கா 23–15 என்று தட்டிச் சென்றது. தென்னாப்பிரிக்காவுக்கு அது 13 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த இரண்டாவது கோப்பை.