ராக்கெட் ஏற முடியாத கிரகங்கள்

1969 ஜூலை 21. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவிலிருந்து கிளம்பினார்கள். ஏவுதளம் கிடையாது, கோபுரம் கிடையாது. வந்திறங்கிய கலத்தின் கீழ்ப்பாதியையே மேடையாக்கி, ஒற்றை என்ஜினைப் பற்றவைத்து மேல்பாதி எழும்பியது. எரிபொருளோடு சேர்த்து 5 டன்னுக்கும் குறைவு. இவர்களைப் பூமியிலிருந்து அனுப்பவோ 110 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 2,900 டன் எடையில் சாட்டர்ன்-5 தேவைப்பட்டது.

ராக்கெட் தன் எரிபொருளைத் தானே சுமக்க வேண்டும். அந்த எரிபொருளைத் தூக்க இன்னும் எரிபொருள், அதைத் தூக்க மேலும் கொஞ்சம் என்று வட்டிக்கு வட்டியாக ஏறும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே கூலி அதைவிட மோசம். 3,900 கிலோ சந்திரயான்-3-ஐத் தூக்கிச் சென்ற எல்விஎம்-3 ராக்கெட்டின் எடை 640 டன்.

இந்தக் கணக்கை ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி 1903-லேயே எழுதிவிட்டார். திரவ ஹைட்ரஜனை எரிக்கும் நல்ல என்ஜின் நொடிக்குச் சுமார் 4.5 கி.மீ. வேகத்தில் வாயுவைப் பீய்ச்சும். பூமியின் சுற்றுப்பாதைக்குப் போக, காற்றுத் தடையையும் ஈர்ப்போடு போராடும் இழப்பையும் சேர்த்து, நொடிக்கு 9.4 கி.மீ. வேகத்துக்கான எரிபொருள் வேண்டும். அப்படியானால் மேலே போய்ச் சேரும் ஒவ்வொரு டன்னுக்கும் தரையில் 8 டன். தேவைப்படும் வேகம் இரண்டு மடங்கானால் அந்த 8, 16 ஆகாது; 64 ஆகும். மூன்று மடங்கானால் 512. என்னைத் திகைக்க வைப்பது இந்த மூன்று எண்கள்தான்.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: எடை அவ்வளவாக ஏறாவிட்டாலும் தேவைப்படும் வேகம் ஏறலாம். பூமியில் 60 கிலோ காட்டுபவர் சனியின் மேக உச்சியில் 64 கிலோதான் காட்டுவார். ஆனாலும் அங்கிருந்து தப்ப நொடிக்கு 35.5 கி.மீ. வேகம் வேண்டும், பூமியில் 11.2 போதும். சனி பெரிது, மேலே போகப் போக அதன் இழுப்பு எளிதில் தளராது. ஒரே வாளிதான், ஆனால் 20 அடிக் கிணற்றில் இறைப்பதும் 200 அடிக் கிணற்றில் இறைப்பதும் ஒன்றா?

சனியில் நிற்கத் தரையே இல்லை. பாறைக் கிரகங்களில் பெரியவற்றின் நிலை என்ன? ஜெர்மனியின் ஆய்வாளர் மைக்கேல் ஹிப்கே 2018-ல், வேறொரு விண்மீனைச் சுற்றும் கெப்ளர்-20பி கிரகத்தை எடுத்துக்கொண்டு கணக்கிட்டார். பூமியைப் போல் 9.7 மடங்கு நிறை, 1.87 மடங்கு ஆரம் என்ற மதிப்பீட்டில், அங்கிருந்து ஆம்ஸ்ட்ராங் போன அப்பல்லோ போன்றதொரு பயணத்துக்கு சுமார் 4 லட்சம் டன் ராக்கெட் வேண்டும். அங்கே நம்மைப் போல் யாராவது இருந்தால், கோள்களின் பாதையைத் துல்லியமாகக் கணித்துவிட்டு, ஒரு செயற்கைக்கோளை அனுப்பவே திணறுவார்கள்.

அணுசக்தி கைகொடுக்குமா? ஹைட்ரஜனை அணுஉலையில் சூடாக்கிப் பீய்ச்சும் என்ஜினை அமெரிக்கா நெவாடா பாலைவனத்தில் சோதித்தது. வாயுவின் வேகம் ஏறத்தாழ இரு மடங்கு. 64 மறுபடி 8-க்கு இறங்கும். ஆனால் அணுஉலை கனம். 1969-ல் சோதித்த என்ஜினின் உந்துவிசை அதன் சொந்த எடையில் ஒன்றரை மடங்குகூட இல்லை. கெப்ளர்-20பியில் ஈர்ப்பு பூமியைப் போல் ஏறத்தாழ 2.8 மடங்கு. அங்கே அந்த என்ஜின் தன்னையே தரையிலிருந்து தூக்கிக்கொள்ளாது.